கிறிஸ்துமஸ் ஸ்டார், குடில், சீரியல் விளக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தீபாவளிக்கு வாங்கிய சீரியல் செட்டையே கார்த்திகைக்கும் கிறிஸ்துமஸுக்கும் பொங்கலுக்கும் எடுத்துக் கட்டும் வீடுகள் தமிழ்நாட்டில் ஏராளம். ஆனாலும் அந்த விளக்குச் சரத்துக்கு வேலை கூடுவது டிசம்பரில்தான். வாசலில் ஸ்டார், கூடத்தில் குடில், மூலையில் மரம், பால்கனிக் கம்பியில் வரிசை விளக்கு, இரவில் கேரல் பாடப் போகும் குழுவின் கையில் இன்னொரு ஸ்டார் என்று எல்லாவற்றுக்கும் அது தேவைப்படுகிறது. இவற்றை வீட்டிலேயே செய்ய விரும்புகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு, 230 வோல்ட் மின்சாரம் வரும் இந்திய வீடுகளை மனத்தில் வைத்து, இங்கே விடை எழுதப்பட்டுள்ளது. அலங்காரத்தைக் காட்டிலும் மின்சாரத்தைப் பற்றிய பேச்சு அதிகமாக இருப்பதாகத் தோன்றினால், அது தெரிந்தே செய்ததுதான். ஸ்டார் கோணலாக வந்தால் அவிழ்த்து மறுபடி கட்டிக்கொள்ளலாம். மின்சாரத்தில் அதற்கு வழியில்லை.

கடையில் ரைஸ் லைட், பிக்சல் லைட், கர்ட்டன் லைட், ரோப் லைட் என்று பல வகை வைத்திருக்கிறார்கள். எதை வாங்குவது?

இந்தப் பெயர்கள் எல்லாம் பல்பின் வடிவத்தையும் தொங்கும் விதத்தையும் சொல்கின்றனவே தவிர, வாங்குகிறவருக்கு முதலில் தெரியவேண்டிய செய்தியைச் சொல்வதில்லை. விளக்குச் சரத்துக்குள் ஓடுவது 230 வோல்ட்டா, அல்லது குறைந்த வோல்ட்டா என்பதுதான் அந்தச் செய்தி. இந்தக் கணக்கில் சரங்கள் மூன்று வகைப்படும். முதல் வகையில் சுவரிலுள்ள மின்சாரம் அப்படியே வயருக்குள் செல்கிறது. இரண்டாவது வகையில் பிளக்கோடு சேர்ந்த அடாப்டர், மின்னழுத்தத்தை 5, 12, 24 வோல்ட் என்று குறைத்து அனுப்புகிறது. மூன்றாவது வகை பேட்டரியிலோ யுஎஸ்பி முனையிலோ எரிவது.

நம் ஊர்க் கடைகளில் மலிவாகக் கிடைப்பவற்றில் பெரும்பகுதி முதல் வகையைச் சேர்ந்தது. அதன் வயரின் நடுவில் பொத்தான் வைத்த ஒரு சிறிய பெட்டி இருக்கும். அதைப் பார்த்துவிட்டு அடாப்டர் என்று எண்ணுகிறவர்கள் பலர். அது விளக்குகளை மாறி மாறி மினுக்கச் செய்யும் கன்ட்ரோலர் மட்டுமே. மின்னழுத்தத்தை அது குறைப்பதில்லை. உண்மையான அடாப்டரில் உள்ளே வருவது எத்தனை வோல்ட், வெளியே போவது எத்தனை வோல்ட் என்ற இரண்டும் அச்சிடப்பட்டிருக்கும். அந்த இரண்டாவது எண்ணைப் படித்துப் பார்த்து வாங்குவது நல்லது.

குழந்தைகள் கைபடும் இடம், இரும்புக் கிராதி, மழைச்சாரல் படும் திண்ணை, வைக்கோல் வேய்ந்த குடில் ஆகியவற்றுக்கு அடாப்டர் வைத்த செட்டையே வாங்கவேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. விலை கூடுதல்தான், ஆனால் அந்த வேறுபாடு அதற்குத் தகும். யாருக்கும் எட்டாத உயரத்தில், உலர்ந்த உள்சுவரில் தொங்கவிடுவதற்கு 230 வோல்ட் செட் போதும். எந்த வகையானாலும் பெட்டியின் மேல் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குறி இருக்கிறதா என்று பாருங்கள். வயரை விரலுக்கு இடையில் வைத்து மடித்துப் பாருங்கள். மடித்த இடத்தில் உறை வெளுத்தாலோ செம்புக் கம்பி தெரிந்தாலோ திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இன்னொன்றையும் கவனிக்கவேண்டும்: பெட்டியில் போட்டிருக்கும் நீளத்தில் பிளக்கிலிருந்து முதல் பல்பு வரை விளக்கே இல்லாத பகுதியும் சேர்ந்திருக்கலாம்.

அரிசி அளவு பல்புதானே! அதில் ஷாக் அடிக்குமா?

அடிக்கும். இந்த விளக்குகளைப் பற்றி நிலவும் தவறான எண்ணங்களில் ஆபத்தானது இதுதான்.

பழைய சீரியல் செட்டில் 6 வோல்ட் பல்புகள் இருந்தன. 230 வோல்ட்டை அவற்றுக்குப் பங்கிட்டுக் கொடுக்க ஏறத்தாழ 38 பல்புகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வரிசையில் கோப்பார்கள். எல்லாம் எரியும்போது ஒவ்வொரு பல்பும் 6 வோல்ட்டைத்தான் எடுத்துக்கொள்கிறது என்பது உண்மை. ஆனால் மின்சாரத்தைக் கொண்டுவரும் பேஸ் (phase) வயருக்குப் பக்கத்திலுள்ள முதல் பல்பின் காலைத் தொட்டுக்கொண்டு ஈரத்தரையில் நிற்கிறவருக்கு வருவது 6 வோல்ட் அன்று, கிட்டத்தட்ட முழு 230 வோல்ட். அதைவிட மோசமான நிலை, வரிசையில் ஒரு பல்பைக் கழற்றிவிட்டு ஹோல்டரை வெறுமையாக விடுவது. மின்னோட்டம் நின்றுவிடுவதால் மற்ற பல்புகள் எதுவும் மின்னழுத்தத்தைப் பங்கு போடுவதில்லை. அந்த ஒரு சிறு ஓட்டையின் இரு பக்கத்துக்கும் நடுவில் முழு 230 வோல்ட்டும் வந்து நிற்கும். விளக்கு அணைந்திருக்கிறது, எனவே மின்சாரம் இல்லை என்று நினைத்து அதற்குள் விரலையோ ஊசியையோ விடுவதுதான் விபத்தாக முடிகிறது.

எல்இடி செட்டிலும் இதே கதைதான். ஒரு வெள்ளை எல்இடிக்கு 3 வோல்ட் அளவு போதும். ஆனால் அடாப்டர் இல்லாத செட்டில் அவை நீண்ட வரிசையாகக் கோக்கப்பட்டு நேரடியாக மெயின் மின்சாரத்தோடு இணைந்திருக்கின்றன. ஆகவே எந்த வேலை செய்வதானாலும் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே பிடுங்கிவிடவேண்டும். இரண்டு முள் பிளக்கை எப்படி வேண்டுமானாலும் திருப்பிச் செருகலாம் என்பதாலும், சில வீடுகளில் சுவிட்ச் தவறுதலாக, மின்சாரம் திரும்பிச் செல்லும் நியூட்ரல் வயரில் போடப்பட்டிருக்கும் என்பதாலும், சுவிட்ச் அணைந்த நிலையிலும் வயரில் மின்சாரம் இருக்க வாய்ப்புண்டு. மின்கசிவு ஏற்பட்டவுடன் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி, 30 மில்லியாம்பியர் அளவில், வீட்டு மெயினில் இருந்தால் பெரிய பாதுகாப்பு. இல்லாதவர்கள் விளக்கு வாங்கும் செலவுக்கு முன் அதைப் பொருத்திக்கொள்ளலாம்.

ஒரு பல்பு போனால் செட்டில் பாதி மட்டும் அணைவது ஏன்? வீட்டிலேயே சரிசெய்யலாமா?

இப்போதைய செட்டுகளில் ஒரே சரத்துக்குள் இரண்டு, மூன்று, நான்கு தனித்தனி வரிசைகள் ஓடுகின்றன. ஒரு வரிசையில் எங்காவது தொடர்பு அறுந்தால் அந்த வரிசை முழுவதும் அணையும், மற்றவை எரியும். அணைந்த பகுதி தொடர்ச்சியாக இல்லாமல் ஒன்றுவிட்டு ஒன்றாக இருந்தால் வரிசைகள் பின்னிப் பின்னிச் செல்கின்றன என்று புரிந்துகொள்ளலாம்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அணைந்த பல்புகளை மட்டும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். பல நேரங்களில் கோளாறு பல்பில் இருக்காது. பல்பின் கால் ஹோல்டரில் சரியாக உட்காராமலோ, பச்சைக்களிம்பு ஏறியோ, வயர் அடியில் முறிந்தோ இருக்கும். கழற்றி மாட்டக்கூடிய பல்பானால் அதே வோல்ட் அளவுள்ள, நன்றாக எரியும் பல்பை ஒவ்வொரு ஹோல்டரிலும் மாற்றிப் போட்டுத் தேடலாம். ஒவ்வொரு முறையும் பிளக்கைப் பிடுங்கிவிட்டே மாற்றவேண்டும்.

பழுதான பல்பை வெட்டியெறிந்துவிட்டு இரண்டு வயரையும் முறுக்கி டேப் சுற்றிவிடுவது நம் ஊரில் வழிவழியாக வரும் வைத்தியம். ஒரு பல்புக்கு அது தாங்கும். 38 பல்பில் ஐந்தை இப்படி எடுத்துவிட்டால் மீதியுள்ள 33 பல்புகளும் தலைக்கு 7 வோல்ட் வாங்குகின்றன. சற்றுக் கூடுதல் பிரகாசத்தோடு எரிந்து, சூடேறி, ஒன்றன்பின் ஒன்றாகப் போகத் தொடங்கும். கல்யாண வீட்டுச் சீரியல் செட் கடைசி நாளில் பளீரென்று எரிவதற்கு இதுவும் ஒரு காரணம். எல்இடி செட்டில் இந்த முறுக்கும் வேலையே வேண்டாம். வயர் உறை கிழிந்த, எலி கடித்த செட்டை எவ்வளவு டேப் சுற்றினாலும் வெளியில் கட்டக்கூடாது.

மூங்கில் ஸ்டார் கட்டினால் ஒவ்வொரு முறையும் ஒரு கை நீண்டும் ஒரு கை குட்டையாகவும் வருகிறது. அளவு ஏதாவது உண்டா?

உண்டு, கண் அளவில் கட்டுவதால்தான் கோணல் வருகிறது. ஐந்து முனை நட்சத்திரத்தில் ஒவ்வொரு பட்டையையும் மற்ற பட்டைகள் இரண்டு இடங்களில் வெட்டுகின்றன. அந்த இடங்கள், பட்டையின் நீளத்தை 0.382 ஆலும் 0.618 ஆலும் பெருக்கினால் வரும் தூரத்தில் அமையும். 90 செ.மீ. பட்டை என்றால் ஒரு நுனியிலிருந்து 34.4 செ.மீ. ஓரிடம், 55.6 செ.மீ. இன்னோரிடம். 60 செ.மீ. பட்டைக்கு 22.9, 37.1.

ஒரு விரல் அகலமும் 3 முதல் 4 மி.மீ. கனமும் உள்ள பத்து மூங்கில் பட்டைகளைக் கணுவைச் சீவி ஒரே நீளமாக வெட்டிக்கொள்ளுங்கள். பத்திலும் மேலே சொன்ன இரண்டு இடங்களைப் பென்சிலால் குறித்துக்கொண்ட பிறகே கட்டத் தொடங்கவேண்டும். ஐந்து பட்டைகளைத் தரையில் பரப்பி, ஒவ்வொரு பட்டையும் ஒரு குறியில் மற்றதன் மேலும் அடுத்த குறியில் வேறொன்றின் கீழும் போகும்படி பின்னி, குறிகள் ஒன்றோடொன்று பொருந்தும் இடங்களை நூலால் இறுக்கிக் கட்டுங்கள். ஐந்து நுனிகளையும் கட்டினால் ஒரு தட்டை நட்சத்திரம் கிடைக்கும். இதேபோல் இன்னொன்று. இரண்டையும் மூங்கிலின் பச்சைத் தோல் வெளிப்பக்கம் பார்க்க ஒன்றன்மேல் ஒன்று வைத்து, ஐந்து நுனிகளிலும் சேர்த்துக் கட்டிவிட்டு, உள்ளேயுள்ள ஐந்து மூலைகளிலும் 15 செ.மீ. நீளமுள்ள முட்டுக்குச்சிகளை ஒவ்வொன்றாக நிறுத்தினால் ஸ்டார் வயிறு உப்பி எழும்பும். பட்டை வளையாமல் முறிகிற மாதிரி இருந்தால் சில மணிநேரம் தண்ணீரில் ஊறப்போட்டு எடுக்கலாம்.

தாள் வெட்டுவதற்கும் இதே அளவுதான். 90 செ.மீ. ஸ்டாருக்கு முன்னும் பின்னுமாகப் பத்துக் கைகள். ஒவ்வொன்றும் அடிப்பக்கம் 21.2 செ.மீ., மற்ற இரு பக்கங்கள் 34.4 செ.மீ. உள்ள முக்கோணம். கைகளின் பக்கவாட்டில் பத்துக் குறுகிய முக்கோணங்கள், அவற்றின் அடிப்பக்கம் முட்டுக்குச்சியின் நீளமான 15 செ.மீ. நடுவில் இரண்டு ஐங்கோணங்கள். ஆக 22 துண்டுகள், ஒட்டுவதற்கு ஓரத்தில் ஒரு செ.மீ. கூடுதலாக விட்டு வெட்டவேண்டும். மைதா பசை போதும். அதில் கொஞ்சம் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலந்தால் கரப்பான் தின்னாது, ஆனால் அது நஞ்சு என்பதால் குழந்தைகளோடு உட்கார்ந்து ஒட்டும் வீடுகளில் அதைத் தவிர்த்துவிடுவதே சரி. பின்பக்க ஐங்கோணத்தை ஒட்டாமல் விட்டால் விளக்கு வைக்கவும் எடுக்கவும் அதுவே கதவு.

பிலிப்பைன்ஸில் பரோல் என்று சொல்லப்படும் கிறிஸ்துமஸ் விளக்கும் இதே மூங்கிலும் தாளும் கொண்ட ஐந்து முனை நட்சத்திரம்தான். அங்கே பம்பாங்கா மாநிலத்துச் சான் பெர்னாண்டோ நகரில் ஆண்டுதோறும் டிசம்பரில் நடக்கும் விழாவுக்கு 20 அடி குறுக்களவை ஒட்டிய ராட்சத பரோல்களைச் செய்கிறார்கள். ஆயிரக்கணக்கான பல்புகளை இசைக்கு ஏற்ப மினுக்கச் செய்வதற்குப் பெரிய இரும்புப் பீப்பாய்களைக் கையால் சுழற்றும் முறை அங்கே புகழ்பெற்றது: பீப்பாயின் மேல் டேப் ஒட்டிய இடம் வரும்போது தொடர்பு அறுந்து விளக்கு அணையும், ஒட்டாத இடம் வரும்போது எரியும். நம் பத்து ரூபாய் கன்ட்ரோலர் செய்வதும் இதைத்தான்.

ஸ்டாருக்குள் ஜீரோ வாட் பல்பு போடுவதா, சீரியல் செட்டைச் சுருட்டி வைப்பதா?

ஜீரோ வாட் என்று பெயரே தவிர, பழைய கம்பியிழைப் பல்பு ஏறத்தாழ 15 வாட் எடுத்துக்கொண்டு நன்றாகவே சூடேறும். காற்றில் ஸ்டார் ஆடி, தாள் பல்பில் சாய்ந்துவிட்டால் கருகும். அதை இன்னும் வைத்திருப்பவர்கள் எல்இடிக்கு மாறிக்கொள்வது நல்லது.

சீரியல் செட்டை அப்படியே உள்ளே திணித்தால் தாளின்மேல் புள்ளி புள்ளியாகத் தெரியும், கைகளின் நுனி இருட்டாகவே இருக்கும். அடாப்டர் வைத்த 5 மீட்டர் செட் ஒன்றை எடுத்து, ஒரு லிட்டர் தண்ணீர்ப் பாட்டிலின்மேல் நெருக்கமாகச் சுற்றி, அந்தப் பாட்டிலை ஸ்டாரின் நடுவில் அசையாமல் கட்டிவிடுங்கள். பாட்டிலை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து மங்கலாக்கிக்கொண்டால் வெளிச்சம் எல்லாப் பக்கமும் பரவும். புள்ளிகள் தெரிவதையே விரும்புகிறவர்கள் பட்டைகளின் உட்பக்கத்தை ஒட்டி அவற்றின் முழு நீளத்துக்கும் சரத்தைக் கட்டலாம், 90 செ.மீ. ஸ்டாரில் முன்பக்கப் பட்டைகள் ஐந்துக்கும் சேர்த்து 4.5 மீட்டர் தேவைப்படும். தொங்கவிடும் கயிறு தனி, மின்வயர் தனி. வயரைப் பிடித்தே ஸ்டாரைத் தொங்கவிடும் பழக்கத்தை எந்தக் காரணத்துக்காகவும் தொடரவேண்டாம்.

எந்த நிறத் தாளுக்கு எந்த வெளிச்சம் பொருந்தும்?

சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சுத் தாளுக்கு மஞ்சள் கலந்த வெள்ளை, அதாவது 2700 முதல் 3000 கெல்வின் என்று பெட்டியில் போட்டிருக்கும் வார்ம் ஒயிட். நீலத் தாளுக்கும் வெறும் வெள்ளைத் தாளுக்கும் 6500 கெல்வினை ஒட்டிய கூல் ஒயிட்.

காரணம் எளிது. வெள்ளை எல்இடி என்பது பெரும்பாலும் ஒரு நீல எல்இடியின்மேல் மஞ்சளாக ஒளிரும் பூச்சைப் பூசியது. கூல் ஒயிட்டில் நீலப்பங்கு மிகுதி, அந்த நீலத்தைச் சிவப்புத் தாள் விழுங்கிவிடுகிறது. அதனால்தான் கடையில் கண்ணைப் பறித்த விளக்கு சிவப்பு ஸ்டாருக்குள் போனதும் சோகையாகத் தெரிகிறது. பல காலம் சிவப்பு, மஞ்சள், பச்சை போன்ற நிறங்களில் மட்டுமே கிடைத்துவந்த எல்இடியில் வெள்ளை வந்ததே இந்த நீலத்தால்தான். அதைக் கண்டுபிடித்த அகாசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. வார்ம் ஒயிட்டால் இன்னொரு பயனும் உண்டு: மழை ஓய்ந்த இரவுகளில் நீலம் மிகுந்த வெள்ளை வெளிச்சத்துக்குப் பூச்சிகள் கூடுதலாக வந்து மொய்க்கும், வார்ம் ஒயிட்டுக்கு அந்த அளவு வருவதில்லை.

குடிலில் விளக்கு வைக்கும் முறை என்ன?

குடிலில் இருப்பவை வைக்கோல், காய்ந்த ஓலை, பஞ்சு, பாறைக்காகக் கசக்கி நிறம் பூசிய தாள். பற்றிக்கொள்ளக் காத்திருக்கும் பொருள்கள் இவை. இங்கே அடாப்டர் அல்லது பேட்டரி செட் தவிர வேறெதையும் நாங்கள் பரிந்துரைப்பதில்லை. தெர்மோகோல் மலையும் வேண்டாம்.

அழகைப் பொறுத்தவரை, குடிலைக் கெடுப்பது பெரும்பாலும் மிகை வெளிச்சம்தான். கூரை விளிம்பு முழுவதும் பல நிற விளக்குகள் ஓடி மினுக்கினால் மாட்டுத்தொழுவம் கடைவீதியாகிவிடும். சொரூபங்களுக்குப் பின்னால், கூரையின் உட்புறத்தில் மறைவாக இருபது வார்ம் ஒயிட் புள்ளிகளை ஒரே இடத்தில் குவித்து வைத்துப் பாருங்கள்: பாலன் கிடக்கும் தீவனத்தொட்டியில் வெளிச்சமும் இடையர்கள் முகத்தில் அரைநிழலும் விழும். வானத்துக்கு நீலத் துணியைக் கட்டி, மெல்லிய செம்புக்கம்பி விளக்கின் மணிகளைப் பின்னாலிருந்து ஊசித்துளை வழியாக நுழைத்தால் நட்சத்திரங்கள் தயார். மினுக்கும் முறையில் வைக்காமல் நிலையாக எரியவிடுங்கள்.

குடிலைச் சுற்றிப் புல் முளைக்கத் தட்டில் கம்பு, கேழ்வரகு, நெல் விதைத்து ஒரு வாரம் பத்து நாள் தண்ணீர் தெளிப்பவர்கள், தட்டை வைத்த பிறகு விளக்குச் சரத்தின்மேல் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். இணைப்புகளையும் பேட்டரிப் பெட்டியையும் தட்டின் மட்டத்துக்கு மேலே வைப்பதே எளிய வழி.

சவுக்குக் கிளையை மரமாக வைக்கிறோம். அதில் விளக்கு சுற்றலாமா?

சுற்றலாம், எல்இடி மட்டும். சவுக்கு வெட்டிய சில நாள்களில் காய்ந்துவிடும். ஈரமணல் நிரப்பிய வாளியில் நட்டு நாள்தோறும் தண்ணீர் ஊற்றினால் சற்றுத் தாக்குப்பிடிக்கும். இலை உதிர ஆரம்பித்ததும் விளக்கைக் கழற்றிவிடவேண்டும். கடையில் வாங்கும் பிளாஸ்டிக் மரத்தின் கிளைகளுக்குள் இரும்புக்கம்பி இருப்பதால், உறை கிழிந்த 230 வோல்ட் வயர் அதில் பட்டால் மரம் முழுவதும் மின்சாரம் ஏறும்.

விளக்கை அடியிலிருந்து மேலே சுற்றுங்கள், பிளக் முனை கீழே இருக்கும். வெளிநுனிகளில் மட்டும் சுற்றாமல், தண்டை ஒட்டி உட்பக்கமும் ஒரு சுற்றுப் போனால் மரத்துக்கு ஆழம் கிடைக்கும். மின்விளக்கு சுற்றிய முதல் கிறிஸ்துமஸ் மரம் 1882 டிசம்பரில் நியூயார்க்கில் எடிசனின் கூட்டாளி எட்வர்ட் ஜான்சன் வீட்டில் வைக்கப்பட்டது. சிவப்பு, வெள்ளை, நீலம் என 80 பல்புகளைக் கையாலேயே வயரில் கோத்து, மரத்தையும் மெல்லச் சுழலவிட்டிருந்தார்.

பாட்டிலுக்குள் விளக்குச் சரம் போடும் அலங்காரம் குழந்தைகள் உள்ள வீட்டுக்கு ஏற்றதா?

தக்கை வடிவ மூடியில் பொத்தான் பேட்டரி வைத்து வரும் செட் ஏற்றதன்று. அந்த மூடி எளிதில் கழன்று, உள்ளேயிருக்கும் காசு போன்ற பேட்டரிகள் கீழே விழும். விழுங்கப்பட்ட பொத்தான் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால் இரண்டு மணிநேரத்துக்குள்ளேயே திசுவை அரித்துப் புண்ணாக்கிவிடும். குழந்தை விழுங்கியிருக்கலாம் என்ற ஐயம் எழுந்தாலே வாந்தி எடுக்கவைக்க முயலாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோகவேண்டும்.

மூன்று சாதாரணப் பென்சில் பேட்டரி போடும், திருகாணி வைத்து மூடும் பெட்டியுள்ள சரத்தை வாங்குங்கள். பாட்டிலுக்குள் சரத்தைக் கொட்டினால் அடியில் குமியும். ஒரு நீண்ட குச்சியில் தளர்வாகச் சுற்றி உள்ளே இறக்கி, குச்சியை மட்டும் உருவிவிட்டால் சுருள் நிற்கும்.

பால்கனிக் கம்பியில் சுற்ற எவ்வளவு நீளம் வாங்கவேண்டும்?

நேராகக் கட்டினால் கம்பியின் நீளமே போதும். சுருளாகச் சுற்றினால் 4 செ.மீ. குறுக்களவுள்ள கைப்பிடிக் குழாயில், சுற்றுக்குச் சுற்று 15 செ.மீ. இடைவெளி விட்டால், குழாயின் நீளத்தைப்போல் 1.3 மடங்கு தேவைப்படும்; 3 மீட்டர் கைப்பிடிக்கு 4 மீட்டர். வேறு அளவுகளுக்கு ஒரு சணல் கயிற்றை முதலில் சுற்றிப் பார்த்து அவிழ்த்து அளந்தால் கணக்கே வேண்டாம். பிளாஸ்டிக் டேக்கால் தளர்வாகக் கட்டுங்கள். வயரின்மேல் ஆணி அடிப்பதும் கட்டுக்கம்பியால் முறுக்கி இறுக்குவதும் உறையை வெட்டிவிடும்.

டிசம்பர் மழையிலும் மார்கழிப் பனியிலும் வெளியே விடலாமா?

தூசும் தண்ணீரும் புகாமல் தடுக்கும் அளவைச் சொல்வது ஐபி (IP) எண். பெட்டியில் ஐபி 44 என்று இருந்தால் சாரலைத் தாங்கும், ஐபி 65 என்றால் தாரையாக விழும் தண்ணீரையும் தாங்கும். எந்த எண்ணும் போடாத செட் வீட்டுக்குள் எரிவதற்கு மட்டுமே. இந்த எண் சரத்துக்கு உரியது என்பதையும், அடாப்டர் பெரும்பாலும் அந்தப் பாதுகாப்பு இல்லாதது என்பதையும் மறந்துவிடக்கூடாது. பிளக், அடாப்டர், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மூன்றும் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். பாலித்தீன் பை சுற்றிக் கட்டுவது மழையைத் தடுத்தாலும் பனியால் உள்ளே வியர்க்கும் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

வயர் ஜன்னல் வழியாக உள்ளே நுழையும் இடத்தில் அதைக் கொஞ்சம் கீழே தொங்கவிட்டு, பிறகு மேலேற்றி உள்ளே கொண்டுவாருங்கள். வழிந்துவரும் தண்ணீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும், பிளக் வரை வராது. புயல் எச்சரிக்கை வந்தால் ஸ்டாரை இறக்கிவிடவேண்டும்.

சரம் நீளமாக இருக்கிறது, வெட்டலாமா?

சீரியல் செட்டை வெட்டக்கூடாது. ஒட்டும் எல்இடி ஸ்ட்ரிப்பை வெட்டலாம், ஆனால் கத்தரிக்கோல் குறி போட்ட இடத்தில் மட்டும். மீட்டருக்கு 60 எல்இடி உள்ள 12 வோல்ட் ஸ்ட்ரிப்பில் அந்தக் குறி மூன்று எல்இடிக்கு ஒருமுறை, 5 செ.மீ. இடைவெளியில் வரும்.

ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் எத்தனை செட் போடலாம்? கரண்ட் பில் ஏறுமா?

6 ஆம்பியர் பாக்ஸ் 230 வோல்ட்டில் 1380 வாட் வரை தாங்கும். எல்இடி செட் ஒன்று 6 வாட் என்று வைத்தால் எண்ணிக்கை ஒரு பிரச்சினையே இல்லை. பிரச்சினை வருவது தளர்ந்த துளைகளாலும், ஒரு துளைக்குள் மூன்று பிளக்கைத் திணிக்கும் மல்டி பிளக்காலும், பிளக் இல்லாமல் வயரின் நுனியை உரித்துத் தீக்குச்சியால் செருகுவதாலும்தான். ஒரு சரத்தின் வாலில் அடுத்த சரத்தை மாட்டும் வசதி இருந்தால், எத்தனை வரை மாட்டலாம் என்று பெட்டியில் சொல்லியிருப்பதை மீறவேண்டாம்.

அந்த 6 வாட் செட் நாளுக்கு 6 மணிநேரம் வீதம் 30 நாள் எரிந்தால் ஒரு யூனிட்டைச் சற்றுத் தாண்டும். பழைய ஜீரோ வாட் பல்பு இரவு முழுவதும், நாளுக்கு 12 மணிநேரம், அதே 30 நாள் எரிந்தால் 5.4 யூனிட்.

நிலையாக எரியும்போதும் விளக்கு துடிப்பதுபோல் இருக்கிறது, போனில் படமெடுத்தால் கோடு கோடாக விழுகிறது. ஏன்?

நம் மின்சாரம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாகத் திசை மாறிப் போய்வருவது. மலிவான எல்இடி செட் அதில் ஒரு திசையை மட்டும் பயன்படுத்துவதால் நொடிக்கு 50 முறை அணைந்து எரிகிறது; தலையைச் சட்டென்று திருப்பும்போது கண்ணுக்கும், காட்சியை வரிவரியாகப் பதியும் கேமராவுக்கும் அது தெரிந்துவிடுகிறது. அடாப்டரிலும் பேட்டரியிலும் எரிவனவற்றில் இந்தக் குறை பொதுவாக இருப்பதில்லை.

வேண்டுமென்றே வேகமாக மினுக்கும் முறையைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை: நொடிக்கு 3 முதல் 30 முறை வரை வெட்டி மின்னும் வெளிச்சம், ஒளியால் தூண்டப்படும் வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு வலிப்பை வரவழைக்கக்கூடும். விருந்தினர் வரும் வீட்டிலும் ஆலய வளாகத்திலும் மெதுவாகக் கூடிக் குறையும் முறையையோ நிலையாக எரியும் முறையையோ வைப்பது பொறுப்பான செயல்.

கேரல் ரவுண்ட்ஸுக்குத் தூக்கிச் செல்லும் ஸ்டாருக்கு எப்படி மின்சாரம் தருவது?

5 வோல்ட் யுஎஸ்பி சரமும் ஒரு பவர் பேங்கும் போதும். ஆனால் சில பவர் பேங்குகள், எடுக்கப்படும் மின்னோட்டம் மிகக் குறைவாக இருந்தால் போன் ஏறி முடிந்துவிட்டது என்று எண்ணித் தாமே அணைந்துவிடும். ஒரே ஒரு சிறு சரத்தை மாட்டினால் தெருமுனையிலேயே இருட்டாகிவிடும். இரண்டு மூன்று சரங்களைச் சேர்த்து மாட்டினால் பெரும்பாலும் தொடர்ந்து எரியும். புறப்படும் நாளுக்கு முந்தைய இரவே ஒரு மணிநேரம் எரியவிட்டுப் பார்த்துவிடுங்கள். பவர் பேங்கை ஸ்டாருக்குள் வைக்காமல் கம்பின் அடிப்பக்கம், தூக்குகிறவர் கைக்கு அருகில் கட்டினால் மேல்பாரம் குறையும். மூங்கில் கம்பே பிடியுங்கள். தெருவில் தாழ்வாகத் தொங்கும் மின்கம்பிகள் இருக்கும்போது இரும்புக் குழாயில் ஸ்டார் கட்டித் தூக்குவது உயிருக்கே ஆபத்து.

எப்போது இறக்குவது, எப்படி எடுத்து வைப்பது?

பல வீடுகளில் டிசம்பர் முதல் நாள் ஏற்றிய ஸ்டாரை, மூன்று ராஜாக்கள் திருநாளான ஜனவரி 6 கழிந்ததும் இறக்குவார்கள். பொங்கல் வரை விடுகிறவர்களும் உண்டு.

சரத்தை முழங்கைக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் சுற்றினால் அடுத்த ஆண்டு சிக்கெடுப்பதிலேயே ஒரு மாலை போகும். கெட்டி அட்டையின் இரு ஓரத்திலும் சிறு வெட்டுப் போட்டு, அதில் சரத்தைத் தட்டையாகச் சுற்றி, வால்முனையில் தொடங்கி பிளக் முனையில் முடியுங்கள். அடுத்த முறை பெட்டியிலிருந்து எடுத்தவுடன் பிளக்கைச் செருகிச் சோதித்துக்கொண்டே பிரிக்கலாம். துடைத்து ஒருநாள் நிழலில் உலர்த்திய பிறகே எடுத்து வைக்கவேண்டும். பேட்டரிகளைக் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் கசிந்து ஸ்பிரிங்கை அரித்துவிடும். பரணில் எலி வரும் வீடுகளில் அட்டைப்பெட்டியை நம்பாமல் மூடியுள்ள தகர டப்பாவில் போடுவது நல்லது. ஸ்டாரின் தாளைக் கிழித்தெடுத்துவிட்டு முட்டுக்குச்சிகளை மட்டும் உருவினால் மூங்கில் சட்டம் மறுபடி தட்டையாகிவிடும். கட்டில் அடியிலோ பீரோவுக்குப் பின்னாலோ அடுத்த நவம்பர் வரை அது இடத்தை அடைக்காமல் கிடக்கும்.